நம்ம ஏரியா இத்தாலியன் ரெஸ்டாரன்ட்: போகும் முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று வடசென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்போது பீட்சா, பாஸ்தா என்று போர்டு மாட்டிய சின்ன ரெஸ்டாரன்ட் ஒன்று கண்ணில் படுகிறது. மாலுக்குள் இருக்கும் பெரிய கம்பெனிக் கடைகளைச் சொல்லவில்லை. கீழே டூவீலர் வரிசை, மாடியில் ஏழெட்டு டேபிள், கிச்சனில் நம்ம பையன்கள் நாலு பேர் என்று நடக்கிற கடைகளைச் சொல்கிறேன். அங்கே போனால் எதைச் சொல்வது, எவ்வளவு ஆகும், அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில்களை மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். கடைப் பெயர் எதையும் சொல்லவில்லை. நீங்கள் போகிற கடை எதுவானாலும் இது பொருந்தும்.

முதல் தடவை போகிறோம். மெனுவில் பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. எதை ஆர்டர் செய்வது?

ஒரு மார்கரீட்டா பீட்சா, ஒரு ஸ்பகெட்டி ஆலியோ ஓலியோ. மெனுவிலேயே விலை குறைந்தவை பெரும்பாலும் இவைதான். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்" என்று கூட வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

மார்கரீட்டாவில் மாவு, தக்காளி, மொசரெல்லா சீஸ், பேசில் இலை, ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். ஆலியோ ஓலியோவில் பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், மேலே கொஞ்சம் பார்ஸ்லி. சமையல்காரர் தன் தவறை ஒளித்துவைக்க இடமே இல்லாத அயிட்டங்கள் இவை. பத்து டாப்பிங் போட்ட பீட்சாவில் மாவு சரியில்லை என்பது தெரியவே தெரியாது. மார்கரீட்டாவில் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். இந்த இரண்டும் நன்றாக இருந்தால் அடுத்த முறை மெனுவில் எதை வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்லலாம். இரண்டும் சொதப்பினால் மற்றதற்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் பயனில்லை.

1889-ல் நேப்பிள்ஸுக்கு வந்த ராணி மார்கரீட்டாவுக்காக ரஃபேலே எஸ்போசிட்டோ என்கிற பீட்சாக்காரர் செய்தது, அதனால்தான் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. சில கடைகளில் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். தக்காளி, சீஸ், பேசில் மூன்றும் போட்ட பீட்சா அதற்கு முன்பே நேப்பிள்ஸில் இருந்தது. ராணி கதையை அப்படியே நம்ப முடியாது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 

பெயரை உச்சரிக்கக் கூச்சமாக இருந்தால் மெனுவில் விரலை வைத்துக் காட்டுங்கள். ஆர்டர் எடுக்கும் தம்பிக்கும் பாதிப் பெயர் அப்படித்தான்.

கிச்சன் நல்ல கிச்சன்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பீட்சா வந்ததும் போட்டோ எடுத்து முடித்துவிட்டு, ஒரு துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, நகத்தால் தட்டினால் லேசாகச் சத்தம் கேட்டால் ஓவன் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே வைத்திருக்கிறார்கள். வெளுத்துப்போய் ஈரப்பசையோடு இருந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள். நேப்பிள்ஸ் முறையில் விறகு அடுப்பின் சூடு 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஒரு பீட்சா வேக 60 முதல் 90 விநாடிதான். அந்தக் கலையை யுனெஸ்கோ 2017-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் கேஸ் அல்லது கரண்ட் ஓவன். அந்தச் சூடு வராது, பீட்சாவுக்குச் சில நிமிஷம் பிடிக்கும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. மாவு நன்றாகப் புளித்திருந்தால் அந்த ஓவனிலும் ஓரம் உப்பிக்கொண்டு வரும். "மாவு எத்தனை மணி நேரம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். ஒரு நாள் ஊறவைத்தவர் ஆர்வமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ரெடிமேட் பேஸ் வாங்கிப் போடுகிறவர் பேச்சை மாற்றுவார்.

ஆலியோ ஓலியோவுக்குத் தட்டின் அடியைப் பாருங்கள். எண்ணெய் தனியாகக் குளம் கட்டி நிற்கக்கூடாது. பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவுச்சத்து இறங்கிக் கஞ்சிபோல இருக்கும். அதில் ஒரு கரண்டியை எண்ணெயில் ஊற்றி வாணலியைக் குலுக்கினால் இரண்டும் ஒன்றுகூடி ஒவ்வொரு இழையிலும் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். பூண்டு மெல்லிய சீவலாக, பொன்னிறத்தில் இருக்கவேண்டும். ஒரு நிமிஷம் கூடுதலாக அடுப்பில் நின்று பழுப்பேறிவிட்டால் தட்டு முழுக்கக் கசப்பு. இதையெல்லாம் பார்க்க நீங்கள் சமையல்காரராக இருக்கவேண்டியதில்லை. வீட்டில் ரசத்துக்குத் தாளித்துப் பழகிய யாருக்கும் பூண்டு தீய்ந்த வாசனை தெரியும்.

இன்னொரு அடையாளம் மெனுவின் நீளம். ஒரே கார்டில் ஷவர்மா, ஃப்ரைட் ரைஸ், பட்டர் நான், கடைசிப் பக்கத்தில் "இத்தாலியன்" என்று நாலு வரி இருந்தால், அந்தக் கடையில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிடுங்கள்.

பாஸ்தா வேகாமலே கொண்டுவந்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கலாமா?

நடுவில் லேசான கடினம் இருக்கிற பதத்தில் இறக்குவதுதான் இத்தாலிய முறை. காய்ந்த பாஸ்தாவை ட்யூரம் என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்கிறார்கள். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்யவேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தக் கோதுமை குழையாமல் பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும். ஆனால் கடித்த இடத்தில் நடுவே வெள்ளையாகப் பச்சை மாவு தெரிந்தால், அது இத்தாலிய முறையும் இல்லை, எந்த முறையும் இல்லை. தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

உங்களுக்கு நன்றாக வெந்ததுதான் பிடிக்கும் என்றால் ஆர்டர் சொல்லும்போதே "ரெண்டு நிமிஷம் கூட வேகட்டும்" என்று சொல்லிவிடுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

வொயிட் சாஸ், ரெட் சாஸ், பிங்க் சாஸ். எது நல்லது?

என் ஓட்டு ரெட் சாஸுக்கு.

வொயிட் சாஸ் என்று இங்கே ஊற்றுவது வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் காய்ச்சியது. இத்தாலியிலும் அது உண்டு, ஆனால் பெரும்பாலும் லசான்யா மாதிரி அடுக்கி வேகவைக்கிற அயிட்டங்களுக்குள் போகும். கிண்ணம் நிறைய ஊற்றி மிதக்கவிடுவது நம் ஊர்ப் பழக்கம். ஆல்ஃபிரடோ என்று மெனுவில் இருப்பதன் கதையும் இதுதான். ரோமில் ஆல்ஃபிரடோ டி லேலியோ என்பவர் வெண்ணெயும் பார்மேசான் சீஸும் மட்டும் போட்டுப் பிசறிக் கொடுத்தது அமெரிக்கா போய் க்ரீம் சேர்த்துக்கொண்டது. நமக்கு வந்தது அமெரிக்க வழியில்தான். முதல் நாலு வாய் அமிர்தமாக இருக்கும், பாதித் தட்டில் திகட்டிவிடும்.

ரெட் சாஸில் அராபியாட்டா என்பது தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய் போட்டது. ரோமைச் சுற்றிய பகுதியின் அயிட்டம். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். நம் ஊர் நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு அதிகம் என்பதால் விவரமான கிச்சனில் நேரமெடுத்துச் சுண்டவைப்பார்கள், அல்லது டின் தக்காளி கலப்பார்கள். அவசரக் கிச்சனில் கெட்சப். தித்திப்பாக, வழவழவென்று இருந்தால் கெட்சப்தான். பிங்க் சாஸ் என்பது இந்த இரண்டையும் கலந்தது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தாலியன் சாப்பாடு சப்பென்று இருக்குமே. நம்ம நாக்குக்கு ஒத்துவருமா?

வடசென்னைக்காரர் கேட்கிற கேள்வியா இது? 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வியாசர்பாடியிலும் பீச் ஸ்டேஷன் பக்கத்திலும் அத்தோ கடை போட்டபோது, நூடுல்ஸில் புளித்தண்ணியும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கையால் பிசைந்து கொடுத்ததை வரிசையில் நின்று சாப்பிட்டவர்கள் நாம். வெளியூர்ச் சாப்பாடு நமக்குப் புதிதில்லை.

தக்காளியும் மிளகாயும் இத்தாலிக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. மிளகு மட்டும் நம் பக்கத்திலிருந்து போனது. மேற்குக் கரை முசிறியில் பொன்னைக் கொடுத்துவிட்டு மிளகு ஏற்றிக்கொண்டு போனார்கள் யவனர்கள். ரோமின் புகழ்பெற்ற காசியோ எ பேப்பே பாஸ்தாவில் மிளகும் செம்மறி ஆட்டுப்பால் சீஸும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. உங்கள் ஏரியாக் கடையில் அது இருந்தால் விடாதீர்கள்.

காரம் போதவில்லை என்றால் டேபிளில் இருக்கும் சில்லி ஃப்ளேக்ஸைத் தூவுங்கள். ஆனால் சாப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்பே நாலு பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் துண்டு அப்படியே உள்ளே போகட்டும்.

பனீர் டிக்கா பீட்சா, செட்டிநாடு சிக்கன் பீட்சா எல்லாம் இத்தாலியனா?

இல்லை. சாப்பிடக்கூடாதா என்றால் சாப்பிடலாம். இத்தாலியிலேயே பீட்சா மேல் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸும் சாசேஜும் பரப்பி விற்கிறார்கள், அங்கே குழந்தைகளுக்கு அது உயிர். அதனால் நாம் செட்டிநாடு மசாலா போட்டதற்குக் குற்றவுணர்ச்சி தேவையில்லை. நாலு பேர் போனால் ஒன்று அவர்கள் ஊர் முறையில், ஒன்று நம் ஊர் முறையில் என்று சொல்லுங்கள். கார்லிக் பிரெட்டும் இன்றைய வடிவத்தில் அமெரிக்காவில் பிரபலமானதுதான். அதற்காக அதை யாராவது விடுவார்களா?

காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. சீஃபுட் பாஸ்தா நன்றாக இருக்குமா?

இந்த ஒரு விஷயத்தில் அண்ணா நகர், நுங்கம்பாக்கம் கடைகளைவிட நமக்குத்தான் வசதி. விடிகாலை ஏலத்தில் எடுத்த எறாவும் கடம்பாவும் (கணவாய்) நண்டும் மதியத்துக்குள் கிச்சனுக்கு வந்துவிடும். கடைக்காரர் நேரில் போய் எடுப்பவரா, சப்ளையர் கொண்டுவருவதா என்று கேளுங்கள்.

எறாவைப் பார்த்தாலே பக்குவம் தெரியும். லேசாக வளைந்திருந்தால் சரி, சுருண்டு வட்டமாகிவிட்டால் அதிகம் வெந்துவிட்டது. கடம்பா இன்னும் சிக்கல். அதிகச் சூட்டில் ஒன்றிரண்டு நிமிஷம் வதக்கவேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் குழம்பில் கிடக்கவேண்டும். நடுவில் எங்கேயாவது இறக்கினால் ரப்பர். கடம்பா பாஸ்தா மெல்ல முடியாமல் வந்தால் புகாராகச் சொல்லுங்கள், அது மீனின் குற்றமில்லை.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில் நாட்டுப் படகுகளில் வருவது கொஞ்சம்தான், விலையும் ஏறும். பல கடைகளில் ஃப்ரோசன் எறா வந்துவிடும். ஃப்ரோசன் கெட்டது இல்லை, ஆனால் "ஃப்ரெஷ் கேட்ச்" என்று மே மாதத்தில் கூடுதல் விலை போட்டிருந்தால் எந்தப் படகில் வந்தது என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். மட்டி, ஆழி மாதிரி சிப்பி வகைகள் போட்ட பாஸ்தா என்றால் எங்கே எடுத்தது என்பதைக் கட்டாயம் கேட்பேன். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பார்த்தவர்கள் நாம்.

மீன், எறா போட்ட பாஸ்தாவுக்கு இத்தாலியில் பொதுவாகச் சீஸ் தூவமாட்டார்கள். தூவினால் போலீஸ் வராது, ஆனால் கடல் வாசனை அமுங்கிவிடும்.

நாங்கள் சுத்த சைவம். "வெஜ்" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பச்சை வட்டம் போட்டிருந்தாலும் நாலு இடத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். ஒன்று, சீஸ். ஒரிஜினல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். நம் நாட்டில் செய்யும் பீட்சா சீஸில் பெரும்பாலும் நுண்ணுயிரி ரென்னெட்தான், பாக்கெட்டில் பச்சைக் குறி இருக்கும். அதனால் சின்னக் கடைகளில் இந்தப் பிரச்சினை குறைவு. இறக்குமதிச் சீஸ் போடுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிற கடையில்தான் கேட்கவேண்டும். பேசில் இலையை அரைத்துச் செய்கிற பெஸ்டோ சாஸிலும் அதே சீஸ் உண்டு.

அடுத்து முட்டை. கையால் தேய்த்த ஃப்ரெஷ் பாஸ்தாவில் முட்டை இருக்கும், காய்ந்த ஸ்பகெட்டி, பென்னேயில் பெரும்பாலும் இருக்காது. மூன்றாவது, சூப். மினஸ்ட்ரோனி காய்கறி சூப்தான், ஆனால் சிக்கன் ஸ்டாக்கில், அதாவது சிக்கன் வேகவைத்த தண்ணீரில், கொதிக்கவைக்கிறவர்கள் உண்டு. கடைசியாக இனிப்பு, அதற்கு வருகிறேன்.

சௌகார்பேட்டையிலிருந்து ஜெயின் நண்பர் வருகிறார். வெங்காயம், பூண்டு இல்லாமல் ஏதாவது கிடைக்குமா?

மார்கரீட்டாவின் அசல் செய்முறையிலேயே வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை. கடையில் சாஸை மொத்தமாகக் காய்ச்சி வைத்திருப்பார்கள், அதில்தான் பூண்டு இருக்கும். முன்கூட்டியே போன் செய்து சொன்னால் தக்காளியைத் தனியாக மசித்துப் போட்டுக்கொடுப்பார்கள். சௌகார்பேட்டை, மின்ட் பக்கத்துக் கடைகளில் மெனுவிலேயே "ஜெயின்" என்று தனிக் குறி பார்க்கலாம். நியோக்கி மட்டும் வேண்டாம், அது உருளைக்கிழங்கில் செய்தது, கிழங்கும் அவர்களுக்கு ஆகாது.

ஹலாலா என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

மண்ணடிக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு யார் தப்பாக எடுத்துக்கொள்ளப்போகிறார்கள்? தினமும் கேட்கிற கேள்விதான். இறைச்சி எங்கே வாங்குகிறார்கள் என்பதோடு, பெப்பரோனி, சலாமி, ஹாம், பேக்கன் எதிலிருந்து செய்தது என்றும் கேளுங்கள். வழக்கமாக இவை பன்றி இறைச்சி. இங்கே பல கடைகளில் சிக்கனில் செய்ததை வாங்குகிறார்கள். பன்றியும் வைத்திருக்கிற கடை என்றால் கத்தியும் பலகையும் தனியா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

வயதான அம்மா, அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

மாடிப்படி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நம் ஏரியாவில் லிஃப்ட் இல்லாத முதல் மாடிக் கடைகள்தான் அதிகம்.

சாப்பாட்டில் பயமே வேண்டாம். பல் பிரச்சினை இருந்தால் ரிசோட்டோ சொல்லுங்கள். ஆர்போரியோ என்கிற குட்டைக் குண்டு அரிசியைச் சூடான ஸ்டாக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி இறக்குவது. கிட்டத்தட்ட நம் வெண்பொங்கல் பதம், பருப்புக்குப் பதில் சீஸ். அப்பாக்கள் முதலில் "என்னடா இது" என்பார்கள், பிறகு தட்டு காலியாகிவிடும். அடுப்பில் மட்டும் பதினெட்டு இருபது நிமிஷம் நிற்கவேண்டிய அயிட்டம் அது. ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டால் ஏற்கனவே வெந்ததைச் சுடவைத்திருக்கிறார்கள்.

சூப்பை ஒன் பை டூ கேட்கலாம். எந்த நாட்டுச் சாப்பாடாக இருந்தாலும் சென்னையில் சூப் என்றால் ஒன் பை டூதான். உப்பு குறைக்கவேண்டியவர்களுக்குச் சீஸ் அதிகமுள்ள அயிட்டம் வேண்டாம், சீஸிலேயே உப்பு நிறைய.

ஃபோர்க் பிடிக்கத் தெரியாது. கையால் சாப்பிட்டால் பார்ப்பார்களா?

பீட்சாவைக் கையால்தான் சாப்பிடவேண்டும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் நேப்பிள்ஸிலேயே இருக்கிறார்கள். தெருவில் நாலாக மடித்துக் கையில் கொடுப்பது அங்கே சாதாரணம். ஸ்பகெட்டிக்கு மட்டும் ஃபோர்க் வசதி. மூன்று நாலு இழையை மட்டும் பிடித்து, ஃபோர்க் முனையைத் தட்டில் ஊன்றிச் சுற்றுங்கள். நிறைய அள்ளினால்தான் தொங்கும், சட்டையில் தெறிக்கும். அதுவும் கஷ்டம் என்றால் பென்னே சொல்லுங்கள், ஸ்பூனே போதும்.

ஒயின் கிடைக்குமா?

கிடைக்காது. தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற ஸ்டார் ஹோட்டல் பார், கிளப் மாதிரி இடங்களில்தான் பரிமாறலாம். ஏரியா ரெஸ்டாரன்டுக்கு அந்த உரிமம் இருக்காது. கையோடு கொண்டுபோய்க் குடிக்கவும் முடியாது. லெமன் சோடா நன்றாகப் பொருந்தும். சில கடைகளில் பன்னீர் சோடா வைத்திருக்கிறார்கள், காரமான அராபியாட்டாவுக்குப் பிறகு அதைக் குடித்துப்பாருங்கள்.

இரண்டு பேருக்கு எவ்வளவு சொல்வது? பில்லில் என்னவெல்லாம் பார்க்கவேண்டும்?

இத்தாலியில் ஆளுக்கு ஒரு முழு பீட்சா. இங்கே சீஸ் அடர்த்தியாகப் போடுவதால் இரண்டு பேருக்கு ஒரு மீடியம் பீட்சா, ஒரு பாஸ்தா தாராளம். பசி மிச்சம் இருந்தால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். காம்போ, மீல் டீல் என்று சர்வர் அடுக்கும்போது கோக்கையும் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். தண்ணீர் கேட்டதும் சீல் பாட்டிலைத் திறக்க வருவார்கள். "ரெகுலர் வாட்டர்" என்று சொல்லிவிடுங்கள்.

பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம், 2.5 மத்திய அரசுக்கு, 2.5 மாநிலத்துக்கு. 1,200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 60 ரூபாய் வரி, மொத்தம் 1,260. சின்னக் கடைகள் சில, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருக்கும். அவர்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கக்கூடாது, பில்லிலேயே அப்படி அச்சடித்திருக்கவேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணும் பில்லில் இருக்கவேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து விதி.

சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அது வரி இல்லை. கட்டாயமாக வசூலிக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுக்கமாட்டேன் என்றால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் பேசலாம். பெரும்பாலும் அந்த எண்ணைச் சொன்னாலே பில் மாறி வரும். அந்தக் காசைப் பரிமாறிய பையன் கையில் நேராகக் கொடுங்கள், அவனுக்குப் போய்ச் சேரும்.

இனிப்புக்கு என்ன?

டிராமிசு. காபியில் நனைத்த பிஸ்கட், மஸ்கர்போனே சீஸ், மேலே கோகோ தூள். முறைப்படி செய்தால் பச்சை முட்டை சேரும், சில செய்முறைகளில் மதுவும் உண்டு. ஏரியாக் கடைகளில் பெரும்பாலும் முட்டையில்லாமல் விப்பிங் க்ரீமில் செய்கிறார்கள். கர்ப்பிணிகளும் சைவம் சாப்பிடுகிறவர்களும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பன்னா கோட்டாவில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. அகர் அகர், அதாவது கடற்பாசியில் செய்திருந்தால் சைவம்.

காபியைப் பொறுத்தவரை, எஸ்பிரெஸோ என்று சொல்லிவிட்டு இரண்டு வாய்க்குத்தான் வருகிறதே என்று சண்டை போடாதீர்கள். அளவே அவ்வளவுதான். எனக்குக் கேட்டால் வெளியே வந்து ஃபில்டர் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

எப்போது போனால் கூட்டம் இருக்காது? வண்டி எங்கே விடுவது?

ஞாயிறு இரவைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கத்துக் கடை என்றால் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் காரை எடுக்கவே எடுக்காதீர்கள். 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் எல்லாம் அந்த வழியில்தான். ஏழு மணிக்கு முன்னால் போனால் ஓவன் சூடாக இருக்கும், டெலிவரி ஆர்டர்கள் குவிந்திருக்காது. எட்டரைக்கு மேல் அதே கிச்சன் டேபிளுக்கும் டெலிவரி ஆப் ஆர்டர்களுக்கும் சேர்த்து ஓடும், உங்கள் பீட்சாவின் அடிப்பக்கம் வெளுப்பது அப்போதுதான்.

மிச்சத்தைப் பார்சல் கட்டினால் வீட்டில் எப்படிச் சூடாக்குவது?

பீட்சாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தோலாகிவிடும். தோசைக்கல்லைச் சிறு தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் துண்டுகளை வையுங்கள். இரண்டு நிமிஷம் கழித்துக் கல்லின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடி போடுங்கள். அடி மொறுமொறுப்பாகும், ஆவியில் சீஸ் உருகும்.

ரெட் சாஸ் பாஸ்தாவை வாணலியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறினால் போதும். வொயிட் சாஸ் என்றால் தண்ணீருக்குப் பதில் பால். ஸ்பகெட்டி மிச்சமானால் மறுநாள் காலையில் முட்டை அடித்து ஊற்றி, மிளகு தூவி அடைபோலத் தட்டையாகச் சுட்டெடுங்கள். நேப்பிள்ஸ் வீடுகளிலும் மிச்ச மக்ரோனியை அப்படித்தான் தீர்க்கிறார்கள். ரிசோட்டோவை மட்டும் கடையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.